ஜீப்பு நல்லா ஆகட்டுங்க

காளிச்சாமியின் ஜீப்பு வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது பள்ளத்துக்கு அந்தக் கரையில் இருக்கும்போதே பின்சக்கரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஊளை கிளம்பி, தென்னந்தோப்புகளைத் தாண்டி வண்டிக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். வேகம் கூடினால் ஊளையும் மேலே ஏறும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறங்கி முனகும். ஆனைமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில், ஒரு சாளை வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த சாளைக்குக் கேட்காத தூரத்தில், ஆளுக்கொரு தோட்டத்தில் குடியிருக்கிற சனங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பழகாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் தங்கள் மிளகு மூட்டைகளை வேறு வண்டியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள்.

இருபத்தெட்டு வருசமாக அவருக்கு அந்த ஜீப்புதான் பிழைப்பு. அரிசி, உரம், ஆட்கள் எல்லாம் மேலே எஸ்டேட்டுகளுக்கு ஏறும். மிளகும் காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் கீழே இறங்கும். தார் பார்க்காத பாதை. மழைக்காலத்தில் பாறையின் மேல் தண்ணீர் ஓடும்போது, நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். அந்தப் பாதையில் எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் சக்கரத்தை விட வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். தன் வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதை மட்டும், மூன்று வருசத்துக்கு முன்னால்தான் தேடிக் கண்டுபிடித்தார்.

மூன்று வருசத்துக்கு முன்னால்தான் அவர் மனைவி முத்தாத்தாள் பீளமேட்டுக்குப் போனாள். சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. மகள் லோகப்பிரியாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குழந்தை பிறந்து, லீவு முடிந்து, கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று மகள் அழுதபோது, "ஆறு மாசம் இருந்துட்டு வாரனுங்க" என்று இரண்டு பைகளோடு பஸ் ஏறினாள். ஆறு மாசம் ஒரு வருசமாயிற்று, ஒரு வருசம் மூன்றாயிற்று. பேத்தி ரித்திகா போன ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். இனி முத்தாத்தாள் வந்துவிடுவாள் என்று காளிச்சாமி காத்திருந்தார். ஆடி போனது, தீபாவளி போனது.

வா என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருசக் குடித்தனத்தில், ஆளைக் கூப்பிட வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. எப்போது வந்தாலும் அவள் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். கார்த்திகையில் ஒருநாள் போனில், தை மூன்றாம் வெள்ளி மலைமேல் கன்னிமார் கோயில் நோம்பித் திருவிழா வருகிறது என்று மட்டும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

"முட்டி வலிங்க," என்றாள் முத்தாத்தாள். "பஸ்ஸை விட்டு எறங்கி மூணு கல்லு நடக்கறதுக்கு முடியாது. மலைக்கு வேற ஏறோணும். உங்க ஜீப்புல ஏறலாம்னா அது எந்த எடத்துல சக்கரத்தை உட்டுட்டுப் போகுமோன்னு பயமா இருக்குது. ஜீப்பு நல்லா ஆகட்டுங்க, வாரேன்."

அந்தக் கடைசிச் சொல்லைக் காளிச்சாமி கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், ஒற்றைச் சட்டியில் அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு வேக வைக்கும்போதும், வெந்ததைத் தட்டில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரும்போதும் அதை நினைத்துக்கொண்டார். ஜீப்பு சரியானால் முத்தாத்தாள் வந்துவிடுவாள். இதைவிடச் சுலபமான கணக்கு என்ன இருக்கிறது? ஆனாலும் மனுசர் தை பிறக்கும்வரை வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகவில்லை. மார்கழி பூராவும் மிளகு லோடு இருந்தது.

நோம்பி வாரத்துத் திங்கட்கிழமை காலையில் ஊளையிட்டபடி ஆனைமலை ரோட்டில் கிருபாசங்கரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார். கிருபாசங்கருக்கு நாற்பது வயது. ஜீப்பு என்றால் அந்தப் பக்கத்தில் அவர்தான். கோயமுத்தூரிலிருந்து சேற்றிலும் பாறையிலும் ஜீப்பு ஏற்றி விளையாடுகிறவர்கள்கூட அவரிடம் கொண்டுவந்து விடுவார்கள். அவர் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். டக் டக் என்றது.

"ஏனுங்ணா, இதை எப்புடீங்க ஓட்டிட்டு வந்தீங்க?"

"எப்பவும் ஓட்டறாப்பலத்தான்."

"மொதல்ல எப்பங்ணா இந்த ஆட்டம் கண்டுச்சு?"

"அது இருக்கும் ஒரு நாலு வருசம்."

"நாலு வருசமா என்ன பண்ணுனீங்க?"

காளிச்சாமி பட்டறைக்கு வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்தார். பதில் சக்கரத்துக்குள் இருந்தது. நட்டைக் கழற்றியும் ஹப் வரவில்லை. இழுவைக் கருவியை மாட்டி முடுக்கி, அதன் தலையில் சுத்தியலால் நாலு போடு போட்டதும் வெடிச்சத்தத்தோடு கழன்று வந்தது. கிருபாசங்கர் உள்ளே விரலை விட்டு, கறுத்துச் சுருண்ட ஒரு தகரத்தை உருவினார். அதற்குள் இன்னொன்று. அதற்குள் மற்றொன்று. துணியால் துடைத்துப் பார்த்தால் பாதி எழுத்து தெரிந்தது.

"இது என்னுங்ணா?"

"கடலெண்ணெ டின்னு," என்றார் காளிச்சாமி. "ஹப்பு ஆடிட்டுக் கெடந்துச்சு. தகரத்தை வெட்டி ஆக்சில்ல சுத்தி நட்டை முடுக்குனேன். ஆட்டம் நின்னுருச்சு."

"எங்கீங்ணா நின்னுச்சு? தெரியாமப் போச்சு, அவ்வளவுதான். உள்ள அதும்பாட்டுக்குத் தேஞ்சுட்டே இருந்துருக்குது. மறுக்கா ஆடுனா மறுக்கா ஒரு தகரம் வெச்சுருக்கறீங்க. இந்தச் சாவியைப் பாருங்க, எலி கடிச்சாப்பல இருக்குது. இதும் போயிருந்தா மலை எறக்கத்துல சக்கரம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

அந்தப் பழைய ஜீப்புகளின் வாகு அப்படி. ஆக்சில் தனி, சக்கரத்தைத் தாங்குகிற ஹப் தனி. இரண்டையும் விரல் தண்டி இரும்புச் சாவி ஒன்றும் ஒரு நட்டும் சேர்த்துப் பிடித்திருக்கும். ஹப் ஆடத் தொடங்கினால் பணக்காரர் புது ஹப் போடுவார். மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றுவார்கள். காளிச்சாமி ஒருவர் மட்டும் செய்த தப்பு இல்லை அது. நாலு வருசம் அதைத் தாங்க வைத்தவர் அவர் ஒருவர்தான்.

"புதுச் சாவி ஒண்ணு போட்டா ஓடாதா தம்பி?"

"ஓடுமுங்ணா. ஒரு வருசம் ஓடும், அப்பறம் நீங்க டின்னு தேடுவீங்க. நான் சொல்றதைக் கேளுங்க. ஆக்சிலும் ஹப்பும் ஒரே இரும்பா, ஒரே பீஸா வருது. அதைப் போட்டுக்கலாம். சாவியுமில்ல, நட்டுமில்ல, ஆடறதுக்கு ஒண்ணுமில்ல. இந்தப் பாறையேத்தற பசங்க வெளையாடறதுக்குப் போடறாங்க. நீங்க பொழைக்கறதுக்குப் போடறீங்க, தப்பே இல்ல. உள்ள கிரவுன், பினியன்னு ரெண்டு பல்சக்கரமும் வேற பல்லு தேஞ்சு கெடக்குது, சத்தம் அங்கிருந்துதான் வருது. அதையும் மாத்திருவோம்."

"எத்தனை நாளாகும்?"

"சாமானம் கோயமுத்தூர்ல இருந்து வரோணும். அடுத்த வாரம்னு வெச்சுக்கங்ணா."

"வியாழக்கெழமை வேணும்," என்றார் காளிச்சாமி.

இருபது வருசப் பழக்கத்தில் அவர் எதற்கும் நாள் குறித்துக் கேட்டதை கிருபாசங்கர் பார்த்ததில்லை. "எதுக்குங்ணா இத்தனை அவசரம்?"

"எங்கூட்டுக்காரி வருது."

"அக்கா வருதுங்களா?" கிருபாசங்கரின் முகம் மலர்ந்துவிட்டது. "அதை மொதல்லயே சொல்றதில்லீங்களா! இன்னைக்கே போன் பண்ணிச் சொல்றேன், சாமானத்தைப் பஸ்ஸுல போட்டு உடட்டும்."

மூன்று நாளும் காளிச்சாமி காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு நடந்து வந்து பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தார். தைவெயில் இதமாக இருந்தது. மலை தெளிவாகத் தெரிந்தது. பின் ஆக்சில் கூட்டின் மூடியைத் திறந்தபோது கறுத்த எண்ணெய் தட்டில் வடிந்தது. கிருபாசங்கர் அதை விரலில் தொட்டு வெயிலில் காட்டினார். வெள்ளித்தூள்போல இரும்பு மின்னியது. அத்தனையும் பல்லிலிருந்து உதிர்ந்தது. புதன்கிழமை சாமான் வந்ததும் அவர் கிரவுனின் பற்களில் சிவப்பு மையைத் தடவிப் பொருத்தி, கையால் சுற்றிப் பார்த்தார். பல்லும் பல்லும் நடுவில் உரசியிருந்தால் நடுவில் மை அழியும். ஓரத்தில் அழிந்திருந்தது. கழற்றி, தாள் தண்டியில் ஒரு தகடு வைத்து, மறுபடி பூட்டி, மறுபடி மை. அன்று மட்டும் மூன்று தடவை.

"சோத்துக்கு என்னுங்ணா பண்றீங்க?" என்று வேலை நடுவே கேட்டார்.

"அரிசிம்பருப்பு."

"நேத்தைக்கு?"

"அரிசிம்பருப்பு."

"நாளைக்காச்சும் மாத்திச் செய்யுங்ணா."

"நாளைக்கு முத்தா வந்துருமல்ல."

கிருபாசங்கர் ஒரு போல்ட்டை முடுக்கிவிட்டு நிமிர்ந்தார். "நான் கேக்கறேன்னு தப்பா நெனைச்சுக்காதீங்க. இத்தனை நாளா ஒண்டியாக் கெடக்கறதுக்கு, நீங்களே போயி அங்க நாலு நாள் இருந்துட்டு வரக் கூடாதுங்களா?"

"மக ஊட்டுலயா?" காளிச்சாமி பதறிவிட்டார். "பொண்ணைக் குடுத்த எடத்துல போயி ராத்தங்கறதா? காப்பி குடிக்கலாம். பொழுது சாயறதுக்குள்ள எந்திரிச்சுரோணும். எங்கப்பன் அப்படித்தான், எங்கப்பச்சியும் அப்படித்தான்."

அவர் சொன்னது உண்மை. மூன்று வருசத்தில் நாலு தடவை பீளமேட்டுக்குப் போயிருக்கிறார். நாலு தடவையும் ஒரு காப்பியோடு திரும்பிவிட்டார். மாப்பிள்ளை வற்புறுத்துவார், மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். முத்தாத்தாள் மட்டும் லிஃப்ட் வரைக்கும் வந்து நிற்பாள்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை முடிந்தது. காளிச்சாமியே சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டு போனார். வண்டி உருண்டது, வேகம் பிடித்தது, மூன்றாவது கியருக்கு வந்தது. ஊளை இல்லை. காதில் காற்று மட்டும்தான் கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டு, அங்கேயே முத்தாத்தாளுக்குப் போன் போட்டார்.

"முத்தா, ஜீப்பு ஆயிருச்சு!"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது.

"கேக்குதா? ஒரே பீஸ் ஆக்சில் போட்டாச்சு. கிரவுன் புதுசு. பொட்டுச் சத்தமில்ல."

"ஆயிருச்சுங்களா?" என்றாள் முத்தாத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "அத்தனை சீக்கிரமாவா?" என்றாள்.

"நானே வந்து கூட்டியாறேன்."

"எதுக்குங்க அத்தனை தூரம்? பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸுல வந்துருவேன்."

"வேண்டாம் வேண்டாம். இப்பவே பொறப்பட்டுட்டேன்."

"செரிங்க," என்றாள்.

சந்தோசத்தில் அவளுக்குப் பேச்சு வரவில்லை என்று காளிச்சாமி நினைத்துக்கொண்டார். வண்டியில் எந்த இடத்தில் எந்தப் பல் தேய்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய மனுசர், அந்தக் குரலைக் கேட்டு அப்படித்தான் நினைத்தார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது.

பீளமேட்டில் அந்த அடுக்குமாடியின் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் காத்திருந்தார். முத்தாத்தாள் வந்தாள். கொஞ்சம் சதைப்பிடிப்பாக, முகம் தெளிவாக இருந்தாள். கையில் ஒரே ஒரு துணிப்பை இருந்தது. போகும்போது இரண்டு பெரிய பைகள் கொண்டுபோனவள்.

"மத்த பையெல்லாம்?"

"எதுக்குங்க? ஞாயித்துக்கெழமை திரும்போணுமல்ல. திங்கக்கெழமை ரித்தி ஸ்கூல்ல என்னமோ விழாவாமா."

அவர் பையை வாங்கிப் பின்னால் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். கிணத்துக்கடவு தாண்டும் வரை எதுவும் பேசவில்லை. முன்பெல்லாம் அந்த வண்டியில் பேசினால் காதில் விழாது. அதனால் பேசாமல் வருவது யாருக்கும் உறுத்தியதில்லை. இப்போது வண்டி சத்தமில்லாமல் ஓடியது, பேசாமல் வருவது நன்றாகத் தெரிந்தது.

"மெய்யாலுமே சத்தமே இல்லீங்க," என்றாள் கடைசியில்.

"ஆமா," என்றார். கியரை மாற்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அடி பிடித்துக் கிடந்த சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கொள்ளை வேக வைத்துக் கடைந்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்தாள். பக்கத்துத் தோட்டத்து வேலன் வந்து, "ஏனுங்க அக்கா, நல்லா இருக்கறீங்களா? அண்ணன் மூஞ்சியில இன்னைக்குத்தான் வெளிச்சமே வந்துருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனான். காளிச்சாமி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கொள்ளுப் பருப்பின் வாசம் விரலை விட்டுப் போகவில்லை. சாப்பிட்டு எழுந்து, எப்போதும்போல, மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். முத்தாத்தாள் தனக்குப் போட்டுக்கொண்டு, சுவரோரம் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் நோம்பி. மலைப்பாதையில் நாலு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டு ஏற்றினார். வழுக்குப் பாறையில் மற்ற வண்டிகள் திணறின. இவருடையது பிசிறில்லாமல் ஏறிப் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த சனங்கள் கைதட்டினார்கள். மேலே மரத்தடியில் ஏழு கல், அதுதான் கன்னிமார். மஞ்சள் பூசி, பூச்சுற்றி, பொங்கல் வைத்தார்கள். பானை பொங்கியதும் பெண்கள் குலவையிட்டார்கள். பூசை முடிந்து இலை போடுகிற நேரம், முத்தாத்தாள் முட்டியை நீவிக்கொண்டு ஜீப்புக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். காளிச்சாமி போய் அருகே உட்கார்ந்தார். கீழே ஊரெல்லாம் தென்னையாகத் தெரிந்தது.

நேற்றிலிருந்து மனசில் வைத்திருந்ததை அவர் அப்போதுதான் எடுத்தார். "புள்ளதான் ஸ்கூலுக்குப் போகுதல்ல. நீ இங்கியே இருந்துக்கலாமே."

முத்தாத்தாள் முட்டியை நீவுவதை நிறுத்தினாள். "ஏனுங்க, நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்குவீங்களா?"

"சொல்லு."

"நான் ரித்திக்காக அங்க இல்லீங்க. அது போன ஜூனோட முடிஞ்சுது. லோகுவே கேட்டா, அம்மா ஊருக்குப் போறதுன்னாப் போயிக்கோன்னு. நாந்தான் இருக்கறேன்னேன்."

காளிச்சாமிக்கு முதலில் அது சரியாகப் பிடிபடவில்லை. "ஜீப்பு நல்லா ஆனா வாரேன்னியே?"

"நீங்க எங்க அதை நல்லாப் பண்ணப் போறீங்கன்னு நெனைச்சுத்தானுங்க சொன்னேன். நாலு வருசமா டின்னைச் சுத்தி ஓட்டுனவரு. நீங்க இப்படி மூணு நாளு பட்டறையில உக்காந்து பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்களா?"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் சொன்னாள். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது. ஜீப்பு கெட்டுக் கிடந்த வரைக்கும் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இப்போது வண்டி நன்றாக நின்றது, அந்த நம்பிக்கை போய்விட்டது.

"அப்படி அங்க என்னதான் இருக்குது?"

"பேச்சு இருக்குதுங்க. கீழ் வீட்டுல பத்மாவதின்னு ஒருத்தரு, தெலுங்குக்காரங்க. சாங்காலம் நாலு மணிக்குக் கீழ பெஞ்சுல உக்காந்தா ஆறு வரைக்கும் பேசுவோம். இன்னும் ரெண்டு பேரு வருவாங்க. என்ன பேசுனோம்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. ஆனாப் பேசுவோம்."

காளிச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என்னால முடியல முத்தா. ஊட்டுல ஒரு சத்தமில்ல. சோறு எறங்க மாட்டேங்குது. போன வாரமெல்லாம் மாட்டுகிட்டப் பேசிட்டிருந்தேன்."

முத்தாத்தாள் அவர் கையைத் தொட்டாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் அப்படித் தொட்டதே இல்லை.

"தெரியுமுங்க," என்றாள். "நீங்க காத்தால மலைக்குப் போனாப் பொழுதோட வருவீங்க. வந்தா வண்டிக்கு அடியில படுத்துக்குவீங்க. லோகு ஹாஸ்டலுக்குப் போனதுக்கப்பறம் நாள் பூரா நான் ஒருத்திதான். நீங்க மூணு வருசம் இருந்துட்டீங்க. நான் எத்தனை வருசம் இருந்தேன்? நானும் மாட்டுகிட்டத்தானுங்க பேசுனேன்."

இலையில் பொங்கல் போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வண்டி சுகமாக ஓடியது. அவர் நிதானமாக ஓட்டினார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. மூன்றரை மணிக்குக் கேட்டில் நிறுத்தினார். முத்தாத்தாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள்.

"மேல வாங்க. ஒரு நாளைக்கு இருந்துட்டு, காத்தால போயிக்கலாம்."

"மாடு கெடக்குது. பால் பீச்சோணும்."

"செரிங்க," என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் உக்கடம் தாண்டி, குறிச்சி தாண்டி, ஈச்சனாரி வரைக்கும் போய்விட்டார். வண்டியில் சத்தமில்லாததால் அந்த 'செரிங்க' காதிலேயே நின்றது. கோபத்தில் சொன்னதில்லை. எத்தனையோ வருசமாகச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய்க்கு வந்துவிட்ட சொல். மிளகு லோடு இருக்குது என்றால் செரிங்க. வண்டி வேலை இருக்குது என்றால் செரிங்க. உன் தம்பி கல்யாணத்துக்கு நீ மட்டும் போய் வா என்றபோதும் செரிங்க. அவள் கூப்பிட்டதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவ்வளவு தடவை கூப்பிட்டிருக்கிறாள். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, வேலனுக்குப் போன் போட்டார்.

"வேலா, சாங்காலம் மாட்டுல பாலைப் பீச்சி சொசைட்டிக்கு ஊத்திரு."

"ஏனுங்ணா, வண்டி நின்னுபோச்சுங்களா? கிருபாவுக்குச் சொல்லட்டுங்களா?"

"வண்டிக்கொண்ணுமில்ல. நான் இன்னைக்கு வல்ல."

"எங்கீங்ணா தங்கறீங்க?"

"மக ஊட்டுல."

"ஏனுங்ணா, அங்க யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லீங்களா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க," என்று சொல்லிவிட்டுக் காளிச்சாமி போனை வைத்தார்.

திரும்பி வந்து சேரும்போது ஐந்து மணி ஆகியிருந்தது. கேட்டில் காவல்காரர் நோட்டும் பேனாவுமாக வந்தார். "யாரைப் பாக்கோணுமுங்க?"

"முத்தாத்தாள்."

"அப்படி யாருமில்லீங்களே. எந்த நம்பருங்க?"

நம்பர் அவருக்குத் தெரியவில்லை. நாலு தடவை வந்தும் பார்த்துக்கொண்டதில்லை. "ரித்திகான்னு சின்னப்புள்ள. அதோட அம்மிச்சி."

"அட, அம்மிச்சிங்களா! அதா, அங்க உக்காந்திருக்கறாங்களே."

காவல்காரர் கை காட்டிய பக்கம் ஒரு வாகை மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் முத்தாத்தாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இரு பக்கமும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மலையில் ஜீப்பு ஏறியதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்போல, கையைச் சரிவாக வைத்து ஏற்றிக் காட்டினாள். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொன்னார். முத்தாத்தாள் தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கேட்டு வரைக்கும் கேட்டது. அவள் சிரிக்கும் சத்தம் அப்படி இருக்கும் என்று காளிச்சாமிக்குத் தெரியாது.

"கூப்புடட்டுங்களா?" என்றார் காவல்காரர்.

"வேண்டாங்க. அவங்க பேசி முடிக்கட்டும்," என்று சொல்லி, காளிச்சாமி கேட்டோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.